வேலையை விடுவதா, வீட்டை விடுவதா? – வாசகர் கேள்வி பதில்

வீட்டு வாடகையைப் பற்றியும் வேலைக் களைப்பைப் பற்றியும் வரும் கடிதங்கள் சில மாதங்களாகவே கூடிக்கொண்டு வருகின்றன. எழுதுபவர்களில் பெரும்பாலோர் கணினித் துறையில் வேலை செய்யும் இளையோர், அல்லது அவர்களைப் பெற்றவர்கள். அவற்றிலிருந்து மூன்று கடிதங்களை இந்த இதழில் எடுத்துக்கொண்டுள்ளேன். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன. முதல் கடிதத்திற்கான பதில் நீண்டுவிட்டது; அதே நிலையில் இருக்கும் பலருக்கும் சேர்த்து எழுதியதே அதற்குக் காரணம்.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். எனக்கு வயது 32. கோலாலம்பூர் பங்சார் சவுத்தில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளராக ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பதால், மாதத்தில் இரண்டு வாரம் இரவிலும் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். சம்பளம் 6,800 ரிங்கிட்; பிடித்தம் போகக் கைக்கு வருவது 5,700 அளவில். வீட்டு வாடகை 1,900, கார் தவணை 780, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 700, காப்புறுதி 350, பி.டி.பி.டி.என். கல்விக் கடன் 250. மனைவி பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. குழந்தைக்கு ஒரு வயது. சேமிப்பாக 9,000 ரிங்கிட் இருக்கிறது. செராசில் நாங்கள் இருக்கும் வீட்டின் ஒப்பந்தம் இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. சென்ற வாரம் இரவு பதினொரு மணிக்கு, ‘2,400 கொடுத்தால் இருங்கள், இல்லையென்றால் விற்கப் போகிறேன்’ என்று வீட்டுக்காரர் வாட்சாப்பில் செய்தி அனுப்பினார். அக்கா, என்னால் வேலையும் செய்ய முடியவில்லை. நானே எழுதிய நிரலை நான்கு முறை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. இரவு அழைப்புக்கு வைத்திருக்கும் மணியோசை எல்.ஆர்.டி. ரயிலில் வேறு யாருடைய கைப்பேசியிலாவது ஒலித்தால்கூட உடம்பு தூக்கிப்போடுகிறது. வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. விட்டால் வீட்டுக்கு என்ன செய்வது?

பதில்: அன்புத் தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் என் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பிறந்தது கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்து வீட்டில். அப்பா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தார். அவருக்கு மூச்சிரைப்பு வந்த பிறகும், விடியற்காலை ஐந்து மணிக்குத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நான்கு ஆண்டுகள் மரத்துக்குப் போனார். ‘முடியவில்லை’ என்று மேற்பார்வை பார்த்த தண்டலிடம் சொல்ல அவருக்கு வாய் இருந்தது. ஆனால் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை வீடு தோட்டத்துடையது. கடைசியில் அவர் நின்ற மாதமே, வீட்டைக் காலி செய்ய வேண்டிய தேதியைத் தோட்டத்து அலுவலக எழுத்தரான கிராணி சொல்லி அனுப்பினார். அம்மா அம்மிக்கல்லைப் பழைய சேலையில் சுற்றி லாரியில் ஏற்றியதும், சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அப்பா பின்பக்கமே திரும்பிப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்ததும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படி நின்ற காலத்தில்தான், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கினால்தான் கூரை நிலைக்கும் என்பது அவர் கண்ட வழி.

உங்கள் சம்பளச் சீட்டும் என் அப்பாவின் செக்ரோல் என்ற கூலிப் பதிவேடும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனாலும் நீங்கள் அகப்பட்டிருக்கும் முடிச்சு அதே முடிச்சுதான். வேலை உடம்பை அரிக்கிறது. வீடு போய்விடும் என்ற பயம் அந்த வேலையிலேயே உங்களைக் கட்டிவைத்திருக்கிறது. ஆகவே, முடிச்சை வேலைப் பக்கத்திலிருந்து அவிழ்க்காதீர்கள். வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். இது என் திடமான கருத்து. கோலாலம்பூரில் எந்த வீட்டுக்காரரும் முகவரும் முதலில் கேட்பது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைத்தான். அது கையில் இருக்கும்வரைதான் வேறு வீடு உங்களுக்கு எளிதாகக் கிடைக்கும். வேலையை விட்ட மறுநாள் நீங்கள் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் அந்தக் கதவு பாதி மூடிவிடும்.

முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து ஒரு முறை முழுவதும் படியுங்கள். இரண்டு பிரிவுகளைத் தேடுங்கள். ஒன்று, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா, புதிய வாடகை எப்படி முடிவாகும் என்பது. மற்றொன்று, வீடு விற்கப்பட்டால் உங்கள் நிலை என்ன என்பது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை, அதில் இடம் தரப்படாத வாடகை உயர்வை வீட்டுக்காரர் தம் விருப்பத்துக்குத் திணிக்க முடியாது. எனவே இந்த மூன்று மாதமும் நீங்கள் கொடுக்க வேண்டியது 1,900 மட்டுமே. கோபத்தில் பூட்டை மாற்றுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது போன்ற மிரட்டல்கள் வந்தால் அஞ்ச வேண்டாம். நீதிமன்ற ஆணையில்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது என்பதை 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஆனால் இதை நம்பி ஒப்பந்தம் முடிந்த பிறகும் உட்கார்ந்துவிடாதீர்கள். காலம் கடந்து தங்குபவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கும் உரிமையை 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டம் வீட்டுக்காரருக்குத் தந்திருக்கிறது. சட்டம் உங்களுக்குத் தருவது மூச்சு விடும் நேரம், அவ்வளவே. வாடகைக் குடியிருப்புக்கென்றே ஒரு தனிச்சட்டம் வேண்டும் என்ற பேச்சும் வரைவும் பல ஆண்டுகளாக நடக்கின்றன. அது வந்திருந்தால் இரவு பதினொரு மணிச் செய்திகளுக்கு இத்தனை பேர் தூக்கம் தொலைக்க வேண்டியிருந்திராது. இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

அடுத்து, 2,000 ரிங்கிட் வாடகையில் இன்னொரு வீட்டுக்கு மாறினால் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கணக்கிடுங்கள். இரண்டு மாதப் பாதுகாப்பு வைப்புத்தொகை 4,000, மின்சாரம் தண்ணீருக்கான வைப்புத்தொகை அரை மாதம் 1,000, முதல் மாத வாடகை 2,000. மொத்தம் 7,000. உங்கள் சேமிப்பு ஒரே நாளில் 2,000-க்கு இறங்கிவிடும். லாரிச் செலவும் முத்திரைத் தீர்வையும் அதற்கு மேல். அதனால் 2,000 ரிங்கிட் வீட்டைப் பார்க்கவே போகாதீர்கள். 1,200, 1,300 என்று தேடுங்கள். செராசை விட்டுக் காஜாங் பக்கமோ, எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடத்தை ஒட்டிய பகுதிகளோ உங்களுக்குப் பழக்கப்படாததாக இருக்கலாம். ஆனால் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு கிடைத்தால், மாதம் 50 ரிங்கிட் பயண அட்டையில் வேலைக்குப் போய் வரலாம். பெட்ரோலும் டோலும் கார் நிறுத்தக் கட்டணமும் மிச்சமாகும். நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் உள்ள கொண்டோமினியத்தில் இருந்துகொண்டு அந்தக் குளத்தில் எத்தனை முறை இறங்கினீர்கள் என்று மனைவியோடு உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். மாதம் 700 ரிங்கிட் குறைந்தால், அது உங்கள் பெற்றோருக்கு அனுப்பும் தொகைக்குச் சமம். அந்த 700-ஐக் குறைத்துவிடலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும், வராமல் இருந்திருக்காது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் உடம்புக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பது சோம்பலோ திறமைக் குறைவோ அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட தன் நோய்ப் பகுப்பு முறையில் பணிச்சோர்வை வேலையால் விளையும் ஒரு நிலையாக வரையறுத்தது. ஆற்றல் வற்றிப் போவது, வேலையின்மேல் வெறுப்பும் விலகலும் வருவது, முன்பு செய்ததையே செய்யமுடியாமல் போவது என்று மூன்று அடையாளங்களை அது சொல்கிறது. மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு கூடுதல் என்று அதே நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து அறிவித்தன. இரவு அழைப்புகளையும் சேர்த்து உங்கள் நேரத்தை இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். தொகை உங்களையே திடுக்கிட வைக்கும் என்று நினைக்கிறேன்.

இதோடு ஒரு மருத்துவரையும் பாருங்கள். தைராய்டுக் கோளாறும் இரத்தசோகையும் மனச்சோர்வு நோயும் பணிச்சோர்வைப் போலவே வேடமிட்டு வரும். மருந்தால் தீரக்கூடிய ஒன்றுக்காக வேலையை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டில் தொடங்கலாம். ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்திருப்பதால் உங்களுக்கு ஆண்டுக்கு 22 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர நேர்ந்தால் அதற்கென்று 60 நாள் தனியாக உண்டு. இந்த விடுப்பை எடுக்காமலிருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் அதிகம். சுவரை வைத்துத்தான் சித்திரம்.

வேலையிடத்தில் ‘முடியவில்லை’ என்று வாயால் சொல்வதற்குப் பதில் எழுத்தில் கேளுங்கள். 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வாரத்துக்கான வேலை நேர உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45-ஆகக் குறைந்தது. 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குபவர் என்பதால் மேலதிக நேரச் சம்பளத்தைச் சட்டப்படி நீங்கள் கேட்க முடியாது. அந்த 45 மணி நேர வரம்பு மட்டும் உங்களுக்கும் உண்டு. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் உரிமையையும் அதே திருத்தம் தந்தது. விண்ணப்பம் கிடைத்த 60 நாளுக்குள் நிறுவனம் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இரவு அழைப்பை இரண்டு வாரத்திலிருந்து ஒரு வாரமாகக் குறைத்து, அழைப்பு வந்த இரவுக்கு மறுநாள் காலை ஓய்வு தரும்படி கேளுங்கள். இப்படித் திட்டவட்டமாகக் கேட்கும்போது மேலாளரும் ‘பார்க்கலாம்’ என்று தட்டிக்கழிக்க முடியாது. மனிதவளப் பிரிவில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். எங்கள் மேசைக்கு வந்த வாய்வழிப் புலம்பல்கள் அன்றைக்கே கரைந்தன. தேதியும் கையெழுத்தும் உள்ள கடிதங்களுக்குப் பதில் எழுதியே ஆக வேண்டியிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் வேலையை விடுவதே சரி என்று தோன்றினால் விடுங்கள். நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு விடுங்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டம், வேலையை இழந்தவருக்கு ஆறு மாதம் வரை உதவித்தொகை தருகிறது. முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. சம்பள உச்சவரம்பு 6,000 என்பதால் உங்களைப் போன்றவருக்கு முதல் மாதம் 4,700-க்குச் சற்று மேலும், ஆறாம் மாதம் 1,800-க்குச் சற்றுக் கீழும் கிடைக்கும். ஆட்குறைப்பில் போனாலும், நிறுவனம் அறிவித்து நாமாகவே ஒப்புக்கொண்டு விலகும் திட்டத்தில் போனாலும் இது உண்டு. நீங்களே பதவி விலகல் கடிதம் கொடுத்தால் பொதுவாக இல்லை. ஒரு கடிதத்தில் அத்தனையும் போகும். எனவே வீட்டை மாற்றி, புதிய வாடகையின்படி நான்கு மாதச் செலவுக்குக் கையில் சேர்த்துக்கொண்டு, வேறு வேலைக்கு நேர்முகம் போகத் தொடங்கிய பிறகு அந்தக் கடிதத்தை எழுதுங்கள். சேமநிதி வாரியத்தின் நெகிழ்வுக் கணக்கு 2024 மே மாதத்திலிருந்து இருக்கிறது. நம் சந்தாவில் 10 விழுக்காடு அதற்குப் போகிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வீடு மாறும் வைப்புத்தொகைக்கு அதை எடுப்பதில் தவறில்லை. மாத வாடகைக்கு எடுக்கத் தொடங்கினால் அது நிற்காது.

கேள்வி: அக்கா, நான் பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளராக ஒப்பந்த முறையில் இருக்கிறேன். வயது 27. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். பன்னிரண்டு மணி நேரச் சுழல் வேலை. முன்பிருந்த அறையைக் காலி செய்து நான்கு மாதமாகிறது. ‘சுவரில் கறை’ என்று சொல்லி 1,800 ரிங்கிட் வைப்புத்தொகையை வீட்டுக்காரர் திருப்பித் தரவில்லை. புதிய அறைக்குத் தொலைபேசியில் பேசும்போது என் பெயரைக் கேட்டதுமே ‘இந்தியரா? வேண்டாம்’ என்று ஐந்து பேர் வைத்துவிட்டார்கள். இப்போது தோழியின் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். பேசாமல் பட்டர்வொர்த் பக்கம் சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிடலாமா?

பதில்: அன்புத் தங்கை, முதலில் அந்த ஐந்து தொலைபேசி அழைப்புகளைப் பற்றி. பாயான் லெப்பாசில் 1972-இல் தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே உழைத்தவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர்! அந்தத் தீவின் செல்வத்தில் உங்கள் பங்கும் இருக்கிறது. அப்படியிருக்க, பெயரைக் கேட்டுக் கதவை அடைப்பது அவமானம். அது அவர்களுக்கு அவமானம், உங்களுக்கு அல்ல. தனியார் வீட்டுக்காரர் இனம் பார்த்து மறுப்பதைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை என்ற உண்மையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பழைய ஜார்ஜ்டவுனில், 1948-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்காவது 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு வேலியாக இருந்தது. 1999-ஆம் ஆண்டோடு அதுவும் நீங்கியது. அதன்பின் கடைவீடுகளின் மாடிகளில் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் கலைந்துபோயின. அந்த வேலிக்குப் பதிலாக இன்னொன்று இதுவரை போடப்படவில்லை.

நடைமுறையில் நீங்கள் செய்யக்கூடியது இதுதான். மதிப்பீட்டாளர், சொத்து முகவர் வாரியத்தில் பதிவு பெற்ற முகவர்களிடம் மட்டும் பேசுங்கள். முதல் வரியிலேயே உங்கள் பெயர், வேலை, சம்பளம், குடிவரும் தேதி எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். மறுப்பவர்கள் அங்கேயே மறுத்துவிடுவார்கள்; பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு போய் நின்று அதைக் கேட்கும் வலியாவது இல்லாமல் போகும். வேலையிடத்தில் வீடு எடுத்திருக்கும் சக ஊழியர்களிடம் கேளுங்கள். பினாங்கில் நல்ல அறைகள் விளம்பரத்துக்கு வருமுன்னே வாய்வழியாகக் கைமாறிவிடுகின்றன. வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ‘முன்பதிவு’ என்று ஒரு காசும் அனுப்பாதீர்கள். அவசரத்தில் இருப்பவர்களைத்தான் ஏமாற்றுக்காரர்கள் தேடுகிறார்கள்.

1,800 ரிங்கிட்டை விடாதீர்கள். 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்கு முறை இருக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே 198-ஆம் பாரத்தை நிரப்பித் தாக்கல் செய்யலாம். அதற்கு முன்பாக, ‘பதினான்கு நாளுக்குள் தொகையைத் தரவும், கறைக்குச் செலவு என்றால் ரசீது காட்டவும்’ என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். நீதிமன்றம் வரை போகாமல் அந்தக் கடிதத்திலேயே பணம் வந்த கதைகள் பல என்னிடம் உள்ளன. ஒப்பந்தம், பணம் செலுத்திய வங்கிச் சான்று, குடிபோன நாளிலும் காலி செய்த நாளிலும் எடுத்த படங்கள், வாட்சாப் உரையாடல் எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டாத ஆவணத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. தாமதத்துக்கான தண்டத்தோடு இப்போதுகூடக் கட்டிவிடலாம். அடுத்த அறைக்குள் நுழைந்ததும், பெட்டியை இறக்குமுன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

வீடு வாங்குவதைப் பற்றி: இப்போது வேண்டாம். எலி வளையானாலும் தனி வளை என்பது சரிதான். ஆனால் ஆறு மாத ஒப்பந்தத்தின்மேல் முப்பது ஆண்டுக் கடனை ஏற்றினால், ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் அந்த வளையே உங்கள் கழுத்தைப் பிடிக்கும். ஒப்பந்தக் காலம் முடிந்து வேலை போனால் சொக்சோவின் வேலை இழப்பு உதவித்தொகை கிடைக்காது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. மாதந்தோறும் சந்தா பிடிக்கப்படுகிறதே என்று நம்பியிருந்து ஏமாறுகிறார்கள். நிரந்தர வேலை கிடைக்கும்வரை சேமநிதியின் செஜாத்ரா கணக்கு வளரட்டும். சந்தாவில் 15 விழுக்காடு அதற்குப் போகிறது, வீடு வாங்க அதிலிருந்து எடுக்கலாம். பட்டர்வொர்த்தில் வாடகைக்கு இருக்கலாமே என்று கேட்பீர்கள். அதைத் தீவோடு இணைக்கும் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் இல்லை என்று பலர் அப்படிப் போகிறார்கள். பன்னிரண்டு மணி நேர இரவு வேலை முடித்து, காற்றடிக்கும் பாலத்தில், தூக்கம் சொக்கும் கண்ணோடு மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். நிறுவனத்துப் பேருந்து பெருநிலத்துக்குப் போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, நான் கிள்ளானில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். 29 வயதான என் மகன் கோலாலம்பூரில் கணினித் துறையில் நல்ல வேலையில் இருந்தான். ஐந்து வாரத்துக்கு முன்பு, பதவி விலகல் கடிதம் கொடுக்கும்படி அலுவலகத்தில் வற்புறுத்தியதாகச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். பகலெல்லாம் தூங்குகிறான், இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பூச்சோங்கில் அவன் வாங்கிய வீட்டுக் கடனில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு தவணை கட்டவில்லை என்று கடிதம் வந்திருக்கிறது. உறவினர்கள் ஒருவிதமாகப் பேசுகிறார்கள். அவனிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் ஒரு காலக்கெடு ஒளிந்திருப்பதால், இதழ் வெளிவரும்வரை காத்திராமல் உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். மிரட்டியோ வற்புறுத்தியோ வாங்கிய பதவி விலகல் கடிதத்தைப் பணிநீக்கமாகவே கருதும்படி முறையிடலாம். ஆனால் வேலை முடிந்த 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். சொக்சோ உதவிக்கான விண்ணப்பத்துக்கும் அதே 60 நாள்தான். ஐந்து வாரம் போய்விட்டது; மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே மிச்சம் இருக்கிறது. அவன் எழுந்து வருவான் என்று காத்திருந்தால் அந்த நாள்கள் அவன் தூக்கத்திலேயே கழிந்துவிடும். நீங்களே பாரத்தை வாங்கி வந்து, நடந்ததை அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.

வங்கிக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். கூட்டாகக் கையெழுத்திட்டிருப்பதால் முழுக் கடனுக்கும் இருவருமே பொறுப்பு. மூன்றாவது தவணை தவறுமுன் நீங்களும் மகனும் சேர்ந்து வங்கிக்குப் போய்த் தவணையைக் குறைக்கவோ ஒத்திவைக்கவோ எழுத்தில் கேளுங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாகவே வங்கிகளோடு பேசித் தருகிறது. யாராவது கட்டணம் கேட்டு ‘கடனைத் தீர்த்துத் தருகிறேன்’ என்று வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். மகனின் செஜாத்ரா கணக்கில் பணம் இருந்தால் வீட்டுக் கடனின் மாதத் தவணைக்கு அதை எடுக்க வழியுண்டு. பூச்சோங் வீடு காலியாகத்தான் இருக்கிறது என்றால், அவன் கிள்ளானில் உங்களோடு இருக்கும் இந்த மாதங்களில் அதை வாடகைக்கு விடலாம். உறவினர்கள் அதற்கும் ஏதாவது சொல்வார்கள். தவணை கட்டப் போவது அவர்கள் அல்லர்.

மகனிடம் என்ன கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ‘அடுத்து என்ன செய்யப் போகிறாய்?’ என்பதை இப்போதைக்குக் கேட்காதீர்கள். இரவெல்லாம் அவன் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பது அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் லாரி ஓட்டியவர். தொடர்ந்து இரண்டு இரவு ஓட்டிய பிறகு உங்களுக்கு எப்படி இருந்தது, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே எப்போது பயந்தீர்கள் என்பதை அவனிடம் சொல்லுங்கள். உழைத்துக் களைத்த ஒருவர் இன்னொருவரிடம் பேசுவது போல் அது இருக்கட்டும். ‘நான் இருந்து என்ன பயன்’ என்பது போன்ற பேச்சு அவன் வாயில் ஒருமுறை வந்தாலும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணையோ, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணையோ உடனே அழையுங்கள். போலீஸ், வழக்கு என்று ஆகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.

வங்கிக்குப் போகும் நாளைக் காலை நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடன் ஒப்பந்தம், வந்த கடிதங்கள், அவனுடைய கடைசிச் சம்பளச் சீட்டு, உங்கள் ஓய்வூதியச் சான்று இருந்தால் அது, இருவரின் அடையாள அட்டை நகல்கள் ஆகியவற்றை முந்தைய இரவே ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டு, மகனைக் காரில் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டிச் செல்லுங்கள்.